கிரகணத்தில் கிழித்த நார்

1

நான் கனடாவுக்கு வந்து பதினைந்து வருடம் முடிந்தது போன மாதம். கேக் வெட்டவில்லை. வந்தது நான்தானே, அவர்கள் எதற்கு வெட்டுவார்கள்? அந்த வாரத்தில்தான் என் பேத்தி மது பள்ளிக்கூடத்திலிருந்து இரண்டு காகிதம் கொண்டுவந்து தோசைக்கல்லுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

மது பத்தாம் வகுப்பு படிக்கிறாள். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். அதனால் இந்த வீட்டில் படிப்பு விஷயம் எதுவானாலும் அவள் பேசுவாள், நான் தலையாட்டுவேன்.

"என்னடி இது?"

"கையெழுத்து போடணும் பாட்டி. பயாலஜில பர்த் டிஃபெக்ட்ஸ் நடத்தப் போறாங்க. வீட்ல சரின்னு எழுதிக் குடுத்தாதான் உக்கார விடுவாங்க."

"அப்படின்னா?"

அவளுக்குத் தமிழ் கிடைக்கவில்லை. கூரையைப் பார்த்தாள். "பேபி பொறக்கறப்பவே ஏதோ ஒண்ணு சரியில்லாம இருக்கும்ல, அது. ஏன் வருதுன்னு சொல்லித் தருவாங்க."

தோசை கருகியது. அதைத் திருப்பிப் போட்டேன், மறுபக்கமும் கருகட்டும் என்று.

இரண்டாவது காகிதத்தில் குடும்ப மரம் வரைய வேண்டுமாம். ஆண் என்றால் சதுரம், பெண் என்றால் வட்டம். மது பென்சிலை வைத்துக்கொண்டு என் எதிரே உட்கார்ந்தாள். நான் ஒரு வட்டம். என் அம்மா மேலே ஒரு வட்டம். அம்மாவுக்கு ஒரு தம்பி என்றேன், சதுரம் போட்டாள்.

"இப்ப தாத்தாவை வரையணும். தாத்தா எங்க?"

"போட்டுட்டியே. அந்தச் சதுரம்தான்."

"இல்ல பாட்டி, இது உங்க அம்மாவோட பிரதர்."

"அவர்தான்டி உன் தாத்தா."

பென்சில் நின்றுவிட்டது. "ஒரே ஆளை ரெண்டு இடத்துல போட முடியாது பாட்டி."

"ஏன் முடியாது? எங்க வீட்ல நாற்பது வருஷம் அப்படித்தான் இருந்தார்."

காகிதத்தின் அடியில் படித்துப் பார்த்தாள். சொந்தத்தில் கட்டியிருந்தால் இரட்டைக் கோடு போட வேண்டுமாம். போட்டாள். "உங்களுக்கு அம்மா மட்டும்தானா பாட்டி? வேற பேபி இருந்ததா?"

"இருந்தான். அவனுக்கு உதடு பிளந்திருந்தது."

"நார் கதை! அம்மா சொல்லியிருக்காங்க. எக்லிப்ஸ் அப்ப நீங்க ஏதோ கிழிச்சீங்களாம். அந்த பேபியா?"

"அதேதான்."

"மிஸ் சொன்னாங்க, அந்தக் காலத்துல என்ன நம்பினாங்கன்னு சொல்ல வீட்டுப் பெரியவங்க யாராவது கிளாஸுக்கு வரலாம்னு. நீங்க வாங்க பாட்டி. நான் இங்கிலீஷ்ல சொல்றேன்."

அடுத்த மாவை ஊற்றினேன்.

2

ஊரில் இருக்கும் உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் ஊரிலும் இப்போது பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் இருக்கிறார்களே, அவர்களுக்காகச் சொல்கிறேன்.

என் அம்மாவைப் பெற்றவள் அம்மாயி. ஸ்ரீரங்கத்தில், அப்போது மொட்டைக் கோபுரம் என்று சொல்வோமே, அதற்குப் பக்கத்துத் தெருவில் பூக்கட்டும் வீடு. அம்மாயியின் கடைசி மகன்தான் என் மாமா. பாலக்கரையில் அப்பா வீட்டில் பல்லாங்குழி ஆடிக்கொண்டிருந்த என்னைப் பதினாறு வயதில் அம்மாயி தன் மகனுக்குக் கட்டிவைத்துக் கூட்டிப்போனாள். பேத்தி மருமகள் ஆனாள். பெரிய மாற்றம் இல்லை. முன்பு கொஞ்சிவிட்டுத் திட்டுவாள், இப்போது திட்டிவிட்டுக் கொஞ்சினாள்.

ஐம்பத்தைந்தாம் வருடம் ஆனி மாதம் ஒரு சூரிய கிரகணம் பிடித்தது, காலையில். அப்போது நான் முழுகாமல் இருந்தேன். பிள்ளைத்தாய்ச்சி கிரகணத்தில் எதையும் வெட்டக்கூடாது, கிழிக்கக்கூடாது, கிள்ளக்கூடாது, சொறியக்கூடாது. செய்தால் பிள்ளைக்கு அங்கே பிளக்கும். இருட்டு அறையில் பாயைப் போட்டு, அசையாமல் கிட என்றார்கள். கிடந்தேன். முதுகு அரித்தது. அரித்ததைக்கூட நினைக்கக்கூடாதோ என்று பயந்துகொண்டு கிடந்தேன்.

கார்த்திகையில் ஆண் குழந்தை பிறந்தது. மருத்துவச்சி குழந்தையைத் துடைத்தாள். வழக்கமாக அந்த நேரம் ஏதாவது சொல்வாள், பேரன் வந்துட்டான், சர்க்கரை எடுங்க என்று. அன்று விளக்கைக் கிட்டே கொண்டுவரச் சொன்னாள். மேலுதடு மூக்குவரை திறந்திருந்தது. உள்ளே அண்ணமும் இல்லை. பாலாடையில் பால் ஊற்றினால் மூக்கு வழியாக வந்தது.

தெருவே வந்து பார்த்தது. எல்லோரும் ஒரே கேள்வி: "கிரகணத்தன்னிக்கு என்ன பண்ணினா?"

அம்மாயி வாசலில் நின்று சண்டை போட்டாள். "என்னத்தைப் பண்ணினா? என் கண்ணு முன்னாடி கட்டை மாதிரி கிடந்தா! அவ ரெண்டு கையையும் நான்தான் மடியில பிடிச்சு வெச்சிருந்தேன்."

அது உண்மை. கிரகணம் பிடித்ததிலிருந்து விட்டது வரைக்கும் என் கையைப் பிடித்திருந்தாள். கை மரத்துப்போய்விட்டது.

3

மதுவின் காகிதத்தில் என் மகள் கையெழுத்துப் போடவில்லை.

என் மகள் பெயர் ரங்கநாயகி. ஆபீசில் ரான் என்று கூப்பிடுகிறார்கள். நான் பத்து மாதம் சுமந்து வைத்த பெயரில் பாதிக்கு மேல் அவர்கள் வாசலிலேயே இறக்கிவிட்டார்கள். கெட்டிக்காரி. யாரிடமும் சத்தம் போடமாட்டாள். அன்று போட்டாள்.

"ஊர்ல நடந்ததை எல்லாம் இங்க கிளாஸ்ல கொண்டுபோய்க் கொட்டணுமா? என் அப்பா என் பாட்டிக்குத் தம்பின்னு அந்தப் பசங்களுக்குத் தெரியணுமா?"

"மரத்துல இரட்டைக் கோடு போட்டாச்சும்மா," என்றாள் மது.

"அழி."

"பென்சில் மேல பேனாலயும் போட்டுட்டேன்."

"அம்மா, நீயாவது சொல்லேன்," என்று என்னிடம் திரும்பினாள். "உனக்கு அசிங்கமா இல்ல? நார் கிழிச்சேன், புள்ளைக்கு உதடு கிழிஞ்சுதுன்னு அவங்க முன்னாடி போய்ச் சொல்லப் போறியா? சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். ஊர்ல அழுதாங்க, அது மட்டும் நல்லாவா இருந்தது?"

அவள் காரை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டாள். பெற்றோர் அல்லது பாதுகாவலர் என்று போட்டிருந்த இடத்தைக் காட்டி, பாதுகாவலர் என்றால் யார் என்று மதுவிடம் கேட்டேன். என்னைப் பார்த்துக்கிறவங்க என்றாள். காலை இட்லி யார் வைக்கிறார்கள், அவர்தானே? தமிழில் கையெழுத்துப் போட்டேன். என் கையெழுத்து நெளிந்து நெளிந்து போகும். பள்ளிக்கூடத்தில் அதை வைத்துக்கொண்டு எது தலை எது கால் என்று தேடட்டும்.

போட்ட பிறகுதான் யோசித்தேன். வகுப்பில் போய் நின்றால் இரண்டில் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஐம்பது வருடத்துக்கு மேல் சொன்னதையே சொல்ல வேண்டும், அல்லது நடந்ததைச் சொல்ல வேண்டும்.

4

நடந்தது இது.

குழந்தைக்கு இருபது நாள் ஆனபோது டவுன் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம், அம்மாயியும் நானும். காவேரிப் பாலத்தில் பஸ் போகும்போது காற்று குழந்தையின் வாய்க்குள் போகக்கூடாது என்று அம்மாயி முந்தானையால் மூடிக்கொண்டே வந்தாள். லேடி டாக்டர் பார்த்தார். தைக்கலாம், ஆனால் இப்போது முடியாது, பால் உள்ளே போய் எடை ஏறட்டும் என்றார். பிறகு எழுதிக்கொண்டே கேட்டார்.

"புருஷன் சொந்தமா?"

"சொந்தம்தாங்க," என்றாள் அம்மாயி பெருமையாக. "என் புள்ளைக்கு என் மக வயித்துப் பேத்தியையே கட்டினேன். வெளியில, அசல்ல போகல."

"ரொம்ப நெருங்கின சொந்தத்துல கட்டினா இந்த மாதிரி வர்றதுக்குக் கொஞ்சம் வாய்ப்பு ஜாஸ்திம்மா."

அவர் கொஞ்சம் என்று சொன்னதை நான் கேட்டேன். அம்மாயி கேட்கவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் குழந்தையை என் மடியில் போட்டுவிட்டாள். முந்தானையால் மூடவும் இல்லை.

அன்று சாயங்காலம் அடுப்படியில் மாமாவிடம் பேசினாள். நான் பின்கட்டில் துணி அலசிக்கொண்டிருந்தேன். "ரத்தம் ஒத்துக்கலடா. இவ பெத்தா எல்லாம் இப்படித்தான் வரும்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. உப்பிலியபுரத்துல அசல்ல ஒரு பொண்ணு இருக்காம். இவளை அவ ஆத்தா வீட்ல விட்டுடலாம். எம்பொண்ணுதானே, நான் சொன்னா கேப்பா."

மாமா, "எனக்கு ஒண்ணு போதும்," என்றார். அவர் குரல் பூக்கூடைக்குள் பேசுவது போலத்தான் எப்போதும் இருக்கும். அம்மாயி பேச்சு முன்னால் அது எடுபடாது. எனக்குத் தெரியும்.

துணியைப் பிழிந்துகொண்டே யோசித்தேன். அப்படி ஒன்றும் பெரிய யோசனை இல்லை. குற்றம் ரத்தத்துடையது என்றால் நான் போக வேண்டும். குற்றம் என்னுடையது என்றால் இந்த ஒரு பிள்ளையோடு போயிற்று. அடுத்த தடவை ஒழுங்காகப் படுத்திருந்தால் சரியாகிவிடும்.

மறுநாள் காலை பக்கத்து வீட்டுப் பர்வதம் அக்கா குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு, இருபத்தோராவது தடவையாகக் கேட்டாள். "ஏன்டி, உண்மையைச் சொல்லு. அன்னிக்கு ஒண்ணுமே பண்ணலியா?"

அம்மாயி பூ ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"நார் கிழிச்சேங்கா," என்றேன்.

பூத்தொடுக்கும் வீட்டில் வாழைநாரை நனைத்து நகத்தால் கீறிக் கிழிப்பது மூச்சு விடுவது மாதிரி. அதனால் கேட்டவுடன் நம்பும்படி இருந்தது. "கிரகணம் விட்டதும் கோயிலுக்கு மாலை போகணுமே, கிழிச்சு வெச்சா சுலுவா இருக்கும்னு ரெண்டு மூணு கிழிச்சேன்."

பர்வதம் அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். "அம்மாயி, நீங்க கையைப் பிடிச்சுக்கிட்டு இருந்ததாச் சொன்னீங்களே?"

அம்மாயி என்னை நிமிர்ந்து பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். என் கை இரண்டும் அவள் மடியில் கிடந்தது அவளுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். எழுந்து வந்து ஓங்கி ஓர் அறை விட்டாள்.

"ஒரே ஒரு தடவை ஒண்ணுக்குப் போனேன். அந்த நேரத்துல கிழிச்சிருக்கா பாரு, திருட்டுக் கழுதை!"

என் வாழ்க்கையில் சந்தோஷமாக வாங்கிய அறை அது ஒன்றுதான். அவளுக்கும் சந்தோஷம். அவள் செய்து வைத்த கல்யாணத்தில் தப்பில்லை என்று ஆயிற்றே. அன்று மத்தியானம் எனக்கு அவளே சோறு பிசைந்து போட்டாள். உப்பிலியபுரத்துப் பெண்ணைப் பற்றி அப்புறம் யாரும் பேசவில்லை.

குழந்தை எழுபதாம் நாள் போய்விட்டான். எடை ஏறவே இல்லை. அன்று நான் அழுதேனா என்று நினைத்துப் பார்க்கிறேன். நினைவில்லை. பூ தொடுத்தேன். அது நினைவிருக்கிறது, மல்லிகை, நிறைய.

5

அதற்கு ஏழு வருடம் கழித்து, அறுபத்திரண்டில் ரங்கநாயகி பிறந்தாள். உதடு இரண்டும் ஒட்டி, அம்மாயி மாதிரியே கத்திக்கொண்டு வந்தாள். பார்த்தாயா, இந்தத் தடவை ஒழுங்காக இருந்தாள், ஒழுங்காகப் பிறந்தது என்று தெரு முடிவு செய்துவிட்டது. பொய் சொன்னால் ஒரு நாள் மாட்டிக்கொள்வோம் என்பார்கள். என் பொய்க்குச் சாட்சி பிறந்தது.

அதிலிருந்து கிரகணம் என்றால் எனக்கு வேலை வந்துவிடும். புதிதாக முழுகாமல் இருக்கும் பெண்களை என்னிடம் கூட்டிவருவார்கள். எப்படிக் கிழிச்சீங்க, நகத்தாலயா, ஊசியாலயா என்று கேட்பார்கள். நான் செய்து காட்டுவேன். எனக்கு நடிப்பு வரும். மூன்றாம் வகுப்புப் படித்தவள் வாத்தியாராகிவிட்டேன்.

அறுபதுகளின் நடுவில் பெண்கள் ஹைஸ்கூலுக்கு ஒரு சயின்ஸ் டீச்சர் வந்தார். சின்னப் பெண், கல்யாணம் ஆகவில்லை. தினமும் காலையில் எங்கள் வாசல் பூக்கடையில் அரை முழம் கதம்பம் வாங்கி வைத்துக்கொண்டு போவார். அவர் வகுப்பில், கிரகணத்துக்கும் பிள்ளைக்கும் சம்பந்தம் இல்லை, அம்மைக் காய்ச்சல் மாதிரி சில காய்ச்சல், சில மருந்து, நெருங்கிய சொந்தத்தில் கட்டுவது, இப்படித்தான் காரணங்கள் இருக்கும் என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார். மறுநாள் காலை நாலு பெண்கள் பையும் தோளுமாகக் கடைக்கு முன்னால் வந்து நின்றார்கள். டீச்சரும் பூவுக்கு நின்றுகொண்டிருந்தார்.

"டீச்சர் அப்படி எல்லாம் இல்லேங்கறாங்க. நீங்கதானே நார் கிழிச்சீங்க? நீங்க சொல்லுங்க."

டீச்சர் என்னைப் பார்த்தார். கோபமாக இல்லை, நான் உண்மையைச் சொல்வேன் என்று நினைத்துப் பார்த்தார். உள்ளே அம்மாயி கூடையைத் தட்டும் சத்தம் கேட்டது. ரங்கநாயகி என் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"உங்க டீச்சர் எத்தனை பெத்திருக்காங்கன்னு கேளுங்க முதல்ல," என்றேன்.

பெண்கள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். தெருவும் சிரித்தது. டீச்சர் பூவை வாங்காமல் போனார். அப்புறம் வரவே இல்லை. வேறு கடை, வேறு தெரு. ஒரு வருடத்தில் மாற்றலாகிப் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

நான் சொன்ன நகைச்சுவைகளில் அதிகம் பேர் சிரித்தது அதற்குத்தான்.

6

வகுப்புக்குப் போன அன்று பள்ளி ஆபீசில் ஓர் அம்மாள் என்னிடம் ஏதோ கேட்டுக்கொண்டே போனாள். மரியாதைக்காக எல்லாவற்றுக்கும் எஸ் என்றேன். காய்ச்சல் இருக்கிறதா, இருமல் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறாள். என்னை இருபது நிமிடம் வெளியே நாற்காலியில் தள்ளி உட்காரவைத்துவிட்டார்கள். மது வந்துதான் மீட்டாள். சட்டையில் ஒட்டிக்கொள்ள ஒரு சீட்டு கொடுத்தார்கள், விருந்தாளி என்று. சேலையில் ஒட்டவில்லை. கையில் பிடித்துக்கொண்டு போனேன்.

மிஸ் சின்ன வயது. பலகையில் வரிசையாக எழுதியிருந்தாள். மது காதில் சொன்னாள். மருந்துகள். குடி. காய்ச்சல். கீரையில் இருக்கும் ஏதோ சத்து குறைவது. பரம்பரை. நெருங்கிய சொந்தம். கடைசி வரியை மட்டும் மது சொல்லவில்லை.

"அது என்னடி?"

"நிறைய தடவை காரணம் தெரியாதுன்னு."

நார் கதையை நான் நன்றாகவே சொன்னேன். பழக்கம்தானே. படுத்திருந்தது, முதுகு அரித்தது எல்லாம் சொன்னேன். பிள்ளைகள் சிரித்தார்கள். மது வேகமாக இங்கிலீஷில் சொல்லிக்கொண்டு வந்தாள். கிழித்த இடம் வந்ததும் மிஸ் எழுந்து என் பக்கத்தில் வந்து நின்றாள். என் தோளில் கை வைத்து, பிள்ளைகளிடம் மெதுவாக ஏதோ சொன்னாள்.

"என்ன சொல்றாங்க?"

"பாருங்க, அறிவியல் தெரியாததால இந்தப் பாட்டி தன்னாலதான் பேபி இறந்ததுன்னு லைஃப் முழுக்க நம்பிட்டாங்கன்னு சொல்றாங்க."

எல்லாப் பிள்ளைகளும் என்னைப் பாவமாகப் பார்த்தார்கள். அப்படியே விட்டிருக்கலாம். காப்பி கொடுத்து அனுப்பியிருப்பார்கள்.

"நம்பலைன்னு சொல்லு."

"என்ன பாட்டி?"

"நான் கிழிக்கவே இல்லைன்னு சொல்லு. பொய் சொன்னேன். சொந்தத்துல கட்டினதாலன்னு ஆச்சுன்னா என்னை வெளிய அனுப்பிட்டு வேற பொண்ணு கட்டியிருப்பாங்க. அதுக்காகச் சொன்னேன். ஒரு டீச்சரம்மா சரியாச் சொல்லிக் குடுத்தாங்க, அவங்களைப் பொண்ணுங்க முன்னாடி கேலி பண்ணி அனுப்பினேன். அதையும் சொல்லு."

மது என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். "அம்மாக்குத் தெரியுமா?"

"தெரியாது. நீ முதல்ல இவங்களுக்குச் சொல்லு."

சொன்னாள். மெதுவாகச் சொன்னாள், ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைப்பது போல. யாரும் சிரிக்கவில்லை. பாவமாகவும் பார்க்கவில்லை. மிஸ் தோளிலிருந்து கையை எடுத்துவிட்டாள். பிறகு ஒன்று கேட்டாள். அப்படியானால் உங்கள் பிள்ளைக்கு அது எதனால் வந்தது என்று நினைக்கிறீர்கள்?

பலகையின் கடைசி வரியைக் காட்டினேன். எனக்கு அதைப் படிக்கத் தெரியாது. இடம் தெரியும்.

7

ரங்கநாயகி வேலையிலிருந்து வந்து கோட்டைக்கூடக் கழற்றவில்லை. மது வாசலிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள் போல. அடுப்படிக்கு வந்து என் முன்னால் நின்றாள்.

"நீ கிழிக்கலியா?"

"இல்லை."

"ஒரு நார்கூட?"

"ஒண்ணுகூட."

ஸ்டூலில் உட்கார்ந்தாள். சண்டைக்கு வருவாள் என்று நினைத்தேன். அதற்குத் தயாராக இரண்டு மூன்று பதில்கூட வைத்திருந்தேன்.

"அப்புறம் எதுக்கும்மா மது வயித்துல இருக்கறப்ப என்னைப் படுக்க வெச்சே?"

அப்போதுதான் நான் பிரசவத்துக்குத் துணையாக முதல் தடவை கனடா வந்திருந்தேன். ஊரில் சாயங்காலம் பிடித்த கிரகணம் அது. இங்கே அப்போது காலை. இந்த ஊரில் அது தெரியவே தெரியாது. பஞ்சாங்கத்தைப் பார்த்து, ஸ்ரீரங்கத்து நேரத்துக்கு இவளை இங்கே ஆபீசுக்கு லீவு போடவைத்து, திரையை இழுத்துவிட்டுப் படுக்கவைத்தேன்.

"பொய்யின்னு தெரியும்ல உனக்கு? அப்புறம் எதுக்கு?"

"எதுக்கும் இருக்கட்டும்னுதான்டி," என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. கோட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"நீ குளிக்கப் போனேல்ல, அப்ப எழுந்துட்டேம்மா. பசிச்சுது. ஒரு ஆப்பிளை எடுத்து நறுக்கிட்டேன். நாலு துண்டு போட்டதுக்கு அப்புறம்தான் ஞாபகம் வந்தது. துண்டை எல்லாம் குப்பையில போட்டு மேல பேப்பரைப் போட்டு மூடினேன். அதுக்கப்புறம் நாலு மாசம். ஸ்கேன்ல எல்லாம் நல்லா இருக்குன்னு டாக்டர் சொன்னார், நம்பலை. மது பொறந்ததும் எல்லாரும் முகத்தைப் பார்த்தாங்க, நான் உதட்டை மட்டும்தான் பார்த்தேன். விரலை உள்ள விட்டு அண்ணத்தைத் தொட்டுப் பார்த்தேன். நர்ஸ் திட்டினா."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமேடி."

"உன்கிட்ட எப்படிச் சொல்றது? நீதானே கிழிச்சவ."

"நான் கிழிக்கலைன்னு சொல்றேனே."

"இப்பத்தானேம்மா சொல்றே," என்றாள்.